திருகோணமலையில் நீண்ட லென்ஸோடு: உயிரினங்களைப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெட்ரிக் கோட்டை வாயிலைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதியில் காலை ஆறரை மணிக்கு நடந்தால், ஓரப் புல்லில் புள்ளிமான்கள் அசைபோட்டபடி படுத்திருக்கும். அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்களுக்கு அவை தலையைக்கூடத் திருப்புவதில்லை. கமராவைப் புதிதாகக் கையில் எடுத்த ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சபாரி ஜீப் தேவையில்லை, காட்டு விடுதி தேவையில்லை. பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தால் போதும்.

டெலிபோட்டோ லென்ஸைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் மாறியதும் இங்கேதான். தொலைவில் நிற்கும் விலங்கைப் பக்கத்தில் கொண்டுவந்து தரும் கருவி என்று நினைத்தே அதை வாங்கினேன். கந்தளாய்க் குளக்கட்டில் நின்றுகொண்டு, மறுகரையில் மேய்ந்த யானைகளை 500 மி.மீ. லென்ஸால் ஒரு பகல் முழுவதும் எடுத்தேன். ஒரு படத்திலும் யானையின் விளிம்பு நேராக இல்லை. எல்லாம் தண்ணீருக்குள் இருப்பவைபோல் நெளிந்தன. அதே லென்ஸால் கோட்டைக்குள் பன்னிரண்டு மீற்றரில் படுத்திருந்த ஒரு கலைமானை எடுத்தபோது அதன் இமைமயிர்களை எண்ண முடிந்தது. நீண்ட லென்ஸின் பலன் கிட்டத்தில் இருக்கிறது. மான் அசைபோடுவதை நிறுத்தாத தூரத்தில் நாம் நின்றுகொள்ள அது இடம் தருகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதற்கும், அங்கே நின்று ஒழுங்காகப் படமெடுப்பதற்கும் ஆனவை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த குவியத்தூரம்தான் லென்ஸின் மேல் பொறித்திருக்கும் மில்லிமீற்றர் எண். ஒற்றைக் குவிவு வில்லையால் 600 மி.மீ. குவியத்தூரம் வேண்டுமென்றால் குழாயும் ஏறக்குறைய அந்த நீளம் வேண்டும். முன்னே குவிவுக் கூட்டமும் பின்னே குழிவுக் கூட்டமும் வைத்தால் குழாயைச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்கிய அமைப்புக்குத்தான் டெலிபோட்டோ என்று பெயர். இலண்டனில் தோமஸ் டால்மேயர் 1891-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நாம் நடக்க முடிவது அந்தச் சுருக்கத்தால்தான்.

படமெடுக்கப் போகும் முன் மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். கமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் உங்கள் படம் எத்தனை மீற்றர் அகலத்தைப் பிடிக்கும் என்பது வரும். ஃபுல் பிரேம் சென்சரின் அகலம் 36 மி.மீ. ஆகவே 400 மி.மீ. லென்ஸ் 20 மீற்றரில் 1.8 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். அங்கே ஒரு புள்ளிமான் நின்றால் சட்டகம் நிறைந்துவிடும். சின்னக் கொக்கு நின்றால் நாலில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும், போதுமானது. சிறு மீன்கொத்தி இருந்தால்? அதன் நீளம் 17 சென்ரிமீற்றர் அளவுதான். சட்டகத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்கு ஐந்து மீற்றருக்கு வர வேண்டும், அதுவும் அது பறந்துவிடாமல்.

விலை குறைந்த கமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சர் சிறியது, அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. அதே லென்ஸ், அதே தூரம் என்றால் 1.2 மீற்றர் அகலமே விழும். பறவை அதிகம் எடுக்கிறவருக்கு இது குறையாகாது, 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. போல வேலை செய்கிறது. கையில் பணம் குறைவாக இருக்கிற இளையவர்கள் பழைய ஏபிஎஸ்-சி கமராவைத் தயங்காமல் வாங்கலாம்.

எதை வாங்குவது

70–300 மி.மீ. லென்ஸ் ஒன்றிலேயே ஒரு வருடம் கழியுங்கள். கோட்டை மான்கள், உப்புவெளிக் கடற்கரை நண்டுகள், மீன் இறக்கும் துறைகளில் வட்டமிடும் செம்பருந்துகள் எல்லாம் அதற்குள் அடங்கும். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் 100–400 அல்லது 150–600 பக்கம் போகலாம். சிக்மா, டம்ரொன் நிறுவனங்களின் 150–600 லென்ஸ்களும் நிக்கோனின் 200–500 லென்ஸும் இரண்டாம் கைச் சந்தையில் நிறையப் புழங்குகின்றன. இவை இரண்டு கிலோவை ஒட்டிய எடை உடையவை. வாங்கும் முன் இரண்டு கிலோ அரிசிப் பையைக் கண்ணுக்கு நேரே ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எடை தாங்காமல் வீட்டு அலுமாரியில் தூங்கும் லென்ஸ்கள் பல எனக்குத் தெரியும்.

இரண்டாம் கையில் வாங்கும்போது டோர்ச் லைட் ஒன்றைக் கொண்டுபோங்கள். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, அப்பர்ச்சரை (ஒளி புகும் துவாரத்தை) முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சி முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். கொழும்பில் ஒரு கடையில் மாலை வெளிச்சத்தில், அவசரத்தில் நான் ஒரு லென்ஸ் வாங்கினேன். திருகோணமலை வந்து சேர்ந்த மறுநாள் காலை சூரியனுக்கு எதிரே பிடித்தபோதுதான் உள்வில்லையில் அந்தக் கிளைகள் தெரிந்தன. அதைச் சுத்தம் செய்யக் கொடுத்த பணத்துக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கியிருக்கலாம்.

லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையே பொருத்தும் பெருக்கியான டெலிகன்வேர்ட்டர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1.4 மடங்கு பெருக்கி ஒரு படி ஒளியை, அதாவது பாதி ஒளியைத் தின்னும், 2 மடங்கு பெருக்கி இரண்டு படியைத் தின்னும். எஃப் எண் கூடக்கூட லென்ஸுக்குள் புகும் ஒளி குறையும்; எஃப்/5.6 லென்ஸ் முறையே எஃப்/8 ஆகவும் எஃப்/11 ஆகவும் மாறிவிடும். ஒளி அவ்வளவு குறைந்தால் பழைய கமராக்கள் பலவற்றில் ஓட்டோஃபோகஸ் திணறும். பத்து மீற்றர் நெருங்க முடியாதபோது பெருக்கியைத் தேடுவதைவிடப் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பது நல்ல படத்தைத் தரும் என்பது என் அனுபவம்.

பிடிப்பும் தாங்கலும்

இடது கை லென்ஸுக்குக் கீழே, அதன் எடை நடுவில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பிடிக்கவே கூடாது. முழங்கைகள் இரண்டும் விலாவை ஒட்ட வேண்டும். கமராவை நெற்றியோடு அழுத்துங்கள். மூச்சைப் பாதி விட்ட நிலையில் ஷட்டர் பொத்தானைக் குத்தி அழுத்தாமல், விரலை அதன்மேல் மெல்ல உருட்டுங்கள். ஒன்றாக எடுக்காமல் நாலைந்தாகத் தொடர்ந்து எடுங்கள். முதல் படத்தில் விரலின் அசைவு இருக்கும். மூன்றாவது படம் அநேகமாகத் தெளிவாக இருக்கும்.

ட்ரைபொட் காசை இப்போதைக்குச் சேமியுங்கள். தடித்த துணியில் தலையணை உறைபோல் ஒரு பை தைத்து, அதில் பாதிக்கும் சற்று அதிகமாகப் பயறு நிரப்புங்கள். கோட்டை மதில், வயல் வரம்பு, வாகனக் கதவின் கண்ணாடி விளிம்பு, கவிழ்த்துப்போட்ட வள்ளம் என்று எதன் மேலும் அதை வைத்து லென்ஸைப் பதிக்கலாம். மணல் நிரப்பாதீர்கள். தையலிடுக்கு வழியே கசிந்து சூம் வளையத்துக்குள் ஒரு மணி புகுந்தாலும் நறநற என்ற அந்தச் சத்தம் பிறகு போகாது.

உயரம் இன்னொரு விடயம். நின்றபடி கீழே பார்த்து எடுத்த கடற்கரைப் பறவைக்குப் பின்னணி மணல்தான். மார்பை மணலில் பதித்துப் படுத்தால் அதே பறவைக்குப் பின்னால் ஐம்பது மீற்றர் தள்ளிக் கடல் வந்துவிடும். லென்ஸ் அந்தக் கடலை ஒரே நீலப் பட்டாகக் கரைத்துத் தரும். படுத்திருக்கும் மனிதருக்குப் பறவைகள் அவ்வளவாக அஞ்சுவதும் இல்லை. நிலாவெளிக் கரையில் இப்படிப் படுத்திருந்தபோது உள்ளான்கள் என் முழங்கைக்கு மூன்று மீற்றர் பக்கத்தில் ஓடி இரை பொறுக்கியிருக்கின்றன.

கமராவில் என்ன வைப்பது

மனுவல் முறையில் ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் நீங்கள் வைத்துவிட்டு, சென்சரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கமராவிடம் விடுங்கள். பழைய விதி, ஷட்டர் வேகம் குவியத்தூரத்துக்குக் குறையக்கூடாது என்பது. அதாவது 500 மி.மீ. என்றால் 1/500 செக்கன். ஏபிஎஸ்-சி கமராவில் அதை ஒன்றரை மடங்காக்கி 1/750 என்று கொள்ளுங்கள். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதற்குக் கீழேயும் போகலாம்தான். ஆனால் அது நம் கை நடுக்கத்தை மட்டுமே அடக்கும். மானின் காது துடிப்பதை அடக்காது. படுத்திருக்கும் மானுக்கு 1/500, நடக்கும் மானுக்கு 1/1000, பறக்கும் கொக்குக்கு 1/2000, மீன்கொத்தி பாயும்போது 1/3200 என்று தொடங்குங்கள். ஐ.எஸ்.ஓ. 3200-க்கு ஏறினால் ஏறட்டும். படத்தில் விழும் பொரிப்பொரியைப் பின்னால் குறைக்கலாம். அசைந்து மங்கிய கண்ணைத் தெளிவாக்க மென்பொருளை நம்ப முடியாது.

அப்பர்ச்சரை அகலத் திறந்து வைப்பதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள். 500 மி.மீ., எஃப்/5.6, பத்து மீற்றர் தூரம் என்றால் ஃபுல் பிரேமில் தெளிவாக விழும் ஆழம் மொத்தம் 13 சென்ரிமீற்றர்தான். நேராக உங்களைப் பார்க்கும் மானின் கண்ணில் குவித்தால் மூக்கு நுனி மங்கும். மூக்கில் குவித்தால் படம் கெட்டது. எனவே ஃபோகஸ் புள்ளியை எப்போதும் கண்ணின் மேல் வையுங்கள். புதிய கமராக்களில் கண்ணைத் தானே தேடும் வசதி உண்டு. பழையதில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பும்வரை காத்திருந்தால் கண், மூக்கு, கொம்பு எல்லாம் ஒரே தளத்தில் வந்துவிடும்.

ஓட்டோஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள். லென்ஸின் பக்கத்தில் தூரத்தை மட்டுப்படுத்தும் பொத்தான் இருந்தால் பறவைக்குப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் மோட்டர் கிட்டத்துக்கும் தொலைவுக்கும் அலைந்து திரும்புவதற்குள் பறவை போய்விடும்.

வெளிச்ச அளவில் கமரா இரண்டு இடங்களில் ஏமாறும். தம்பலகாமத்து உழுத வயலின் கருஞ்சேற்றில் வெள்ளைக் கொக்கு நின்றால், சேற்றை வெளிச்சமாக்கப் போய்க் கொக்கின் இறகை வெறும் வெள்ளைத் தாளாக்கிவிடும். அங்கே ஒரு படி குறையுங்கள். வெளிறிய வானில் பருந்து பறந்தால் அது கரிய நிழலாகும். அங்கே ஒன்று முதல் ஒன்றரைப் படி கூட்டுங்கள். சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்தால் சிறு பிழைகளைத் திருத்தலாம். ஆனால் ஒருமுறை வெளுத்துப்போன இறகு திரும்ப வராது.

வெயில், காற்று

கந்தளாயில் என் யானைகள் நெளிந்ததற்குக் காரணம் லென்ஸ் இல்லை. சூடான நிலத்திலிருந்து எழும் காற்று அடுக்கடுக்காக ஒளியை வளைக்கிறது. ஒன்பதரை மணிக்குப் பிறகு உப்பளத்தின் மேலோ மணலின் மேலோ ஐம்பது மீற்றருக்கு அப்பால் எடுக்கும் படம் அநேகமாக இப்படித்தான் வரும். விலை கூடிய லென்ஸ் அந்த நெளிவை இன்னும் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். தீர்வு இரண்டு: விடியலில் போவது, அல்லது கிட்டத்தில் இருப்பதை எடுப்பது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நமக்கு உச்சந்தலைக்கு நேரே வரும். அந்த நாட்களில் பத்து மணிக்கே பையை மூடிவிடுவேன்.

காற்றைப் பற்றிக் கடற்றொழிலாளரிடம் கற்றதுதான் எனக்கு அதிகம் உதவியது. பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொள்ளும். ஆகவே காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களை நோக்கி வரும். அதோடு சூரியனும் முதுகில் இருந்தால் பறவையின் முகத்தில் ஒளி விழும். வாடைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, காலைச் சூரியனும் கிழக்கில். எனவே வாடைக்குக் காலை நேரம். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. மாலைச் சூரியன் மேற்கில். எனவே கச்சானுக்கு மாலை நேரம். கரையோரத்தில் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் கணக்கு மாறும். உள்ளே குளங்களிலும் வயல்களிலும் இது பெரும்பாலும் பொருந்தும். இதை அறியாமல் முதல் இரண்டு வருடம் பறவைகளின் வாலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கே, எப்போது

கோட்டையிலிருந்து தொடங்குங்கள். உள்ளே படைமுகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம் இருக்கிறது. நீண்ட லென்ஸ் துப்பாக்கியைப்போல் தெரியும் பொருள். காவலில் நிற்பவரிடம் முதலே போய், மான்களைப் படமெடுக்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, எந்தப் பக்கம் திருப்பக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டபோது எனக்கு எவரும் கடுமையாகப் பதில் சொன்னதில்லை. கேட்காமல் கட்டிடங்களின் பக்கம் லென்ஸைத் திருப்பி ஒரு முற்பகல் முழுவதும் விளக்கம் சொல்ல நேர்ந்த இளைஞர்களை அறிவேன்.

மான்களுக்குப் பழமோ பிஸ்கட்டோ காட்டி அழைக்காதீர்கள். பை சரசரக்கும் சத்தத்துக்கே ஓடிவரப் பழகிய மான்கள் அங்கே இருக்கின்றன; பொலித்தீனை மென்றுகொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியையும் எடுங்கள். அழகான படம் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

வடக்கே போனால் இறக்கக்கண்டிப் பாலம். களப்பு கடலோடு சேரும் இடம். கருவெள்ளை மீன்கொத்திக்கு நான் எப்போதும் போவது இங்கேதான். மற்ற மீன்கொத்திகள் கிளையிலிருந்து பாயும். இது நீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்று, குறி பார்த்து விழும். அப்படி நிற்கும் சில செக்கன்கள் பறக்கும் பறவையைப் படமெடுக்கப் பழகுகிறவருக்குப் பெரிய உதவி. பெரியகரைச்சி, சின்னகரைச்சிக் களப்புகளும் உப்பளங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வலசை வரும் உள்ளான்களும் ஆலாக்களும் அங்கே கூடும். பவளக்காலி வருடம் முழுவதும் நிற்கும். அதன் கால்கள் தண்ணீரில் விழுத்தும் செந்நிழலை எடுக்க, காற்று எழும் முன், ஏழு மணிக்குள் போக வேண்டும்.

தம்பலகாமத்திலும் கிண்ணியாப் பக்கமும் வயல் உழும் நாட்களைக் கேட்டறிந்து போங்கள். பெரும்போகத்துக்கு ஒக்டோபரை ஒட்டி உழவு இயந்திரம் இறங்கும்போது கொக்குகளும் நத்தைகுத்தி நாரைகளும் அதன் பின்னாலேயே நடக்கும். வரம்பில் ஏறும் முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். “ஐயா, வரம்பில் இருந்து கொக்கை எடுக்கலாமா?” என்று கேட்டதற்கு, “இரு தம்பி, அடுத்த சுற்றில் உன் பக்கமாகவே ஓட்டுகிறேன்” என்று சொல்லி, இயந்திரத்தை என் முன்னாலேயே திருப்பி ஓட்டிய பெரியவரை மறக்க முடியாது. அன்று எடுத்த படத்தைக் கழுவி அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிறகு உழவு தொடங்கும் முன்னரே எனக்குத் தகவல் வந்துவிடும்.

கந்தளாய், ஹபரணை வீதியில் மாலையில் யானை கடக்கும். வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். என்ஜினை நிறுத்தினால் லென்ஸ் அதிராது என்பது உண்மை. ஆனால் யானை வீதியோரம் நின்றால் என்ஜின் ஓடட்டும், வெளியேற வழி இருக்கட்டும். காதை விரித்து, வாலை விறைத்து, முன்காலை ஆட்டினால் அது விலகச் சொல்கிறது. ஃப்ளாஷ் எக்காரணம் கொண்டும் வேண்டாம். யானைக்கு 70–200 மி.மீ. தாராளமாகப் போதும்.

கடலில்

நிலாவெளிக்கு முன்னே ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது ஊரார் புறாமலை என்று சொல்லும் புறாத்தீவு. 1963-இல் சரணாலயமாகவும் 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு எடுத்துத்தான் இறங்க வேண்டும். பெரும்பாலானோர் பவளப்பாறைக்கும் கறுப்புநுனிச் சுறாவுக்கும் போகிறார்கள். தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் பாறைகளில் இன்னும் கூடுகட்டுகின்றன; அவற்றைப் பார்ப்பவர் குறைவு. நகரத்துப் புறாக்களின் காட்டு மூதாதைகள் இவை. 300 மி.மீ. போதும். பாறையில் ஏறிக் கூடுகளுக்குக் கிட்டப் போகாதீர்கள்; கீழே மணலில் இருந்தால் அவை தாமாக நீர்மட்டத்துக்கு மேலே அணியாகப் பறந்து வரும்.

திமிங்கிலங்களுக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. கடல் அடங்கியிருக்கும். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்டவே ஆழமாக இறங்குவதால், மற்ற இடங்களில் நெடுந்தூரம் போய்ப் பார்க்க வேண்டிய நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இங்கே பக்கத்திலேயே வருகின்றன. கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையிலிருந்தே சில காலைகளில் அவற்றின் நீர்மூச்சு தெரியும். அங்கிருந்து படமெடுக்க முயல்வதற்கு முன் நம் கணக்கைப் போடுங்கள். மூன்று கிலோமீற்றரில் 400 மி.மீ. லென்ஸ் 270 மீற்றர் கடலைப் பிடிக்கும். ஒன்பது மீற்றர் உயரும் நீலத்திமிங்கில மூச்சு அதில் ஒரு வெண்கீற்று. அங்கே கண்ணாலும் இருகண் நோக்கியாலும் பார்ப்பதே நல்லது.

படகில் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு 600 மி.மீ. லென்ஸைக் கொண்டுபோவது. அலையில் ஆடும் வள்ளத்தில் அந்தக் குறுகிய சட்டகத்துக்குள் கடலைத் தவிர ஒன்றும் நிற்காது. நூறு மீற்றரில் 300 மி.மீ. லென்ஸ் 12 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். நாலைந்து மீற்றர் அகல வால் துடுப்பு அதில் அழகாக அமையும். 70–300 அல்லது 100–400 எடுத்துச் செல்லுங்கள். ஷட்டர் 1/1600. ட்ரைபொட் வேண்டாம், வள்ளத்தின் அதிர்வை அது அப்படியே லென்ஸுக்கு ஏற்றும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, உடம்பே அலையை வாங்கிக்கொள்ளும்படி விடுங்கள்.

எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சு இடப்பக்கமாக முன்னோக்கிச் சாய்ந்து வரும். அதைக் கொண்டே தூரத்தில் இனம் காணலாம். சில நிமிடம் மேலே கிடந்து மூச்சு வாங்கிய பிறகு முதுகை வில்லாக வளைக்கும். அந்த வளைவைக் கண்டதும் தொடர்ந்து எடுக்கத் தொடங்குங்கள். வால் எழுந்து செங்குத்தாக நின்று அமிழும். வாலின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டுகளும் கிழிசல்களும் ஒவ்வொன்றுக்கும் வேறானவை. ஆய்வாளர்கள் தனித்தனி விலங்குகளை அடையாளம் காண்பது அவற்றைக் கொண்டே. எனவே வாலுக்கு நேர் பின்னால் இருந்து எடுத்த தெளிவான ஒரு படம், நீங்கள் நினைப்பதைவிடப் பயனுள்ளது.

கரையை விட்டுப் புறப்படும் முன்பே படகோட்டியிடம் பேசிவிடுங்கள். “அண்ணன், துரத்த வேண்டாம். நூறு மீற்றருக்கு வெளியே நிறுத்தினால் போதும், வராவிட்டாலும் காசு முழுதாகத் தருவேன்” என்று சொல்லுங்கள். நெருங்கிக் காட்டாவிட்டால் பயணி கோபிப்பார் என்ற பயத்தில்தான் பலர் துரத்துகிறார்கள். அந்தப் பயத்தை நாம்தான் எடுத்துவிட வேண்டும். குறுக்கே மறித்த படகைக் கண்டு, வாலைக் காட்டாமலே அமிழ்ந்துபோன தாயும் கன்றும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

நெருங்கும் முறை

நேராக நடக்காதீர்கள். பக்கவாட்டில், மேய்வதுபோல், நின்று நின்று போங்கள். விலங்கு தலையை நிமிர்த்தினால் நில்லுங்கள். அது மீண்டும் குனிந்து மேயும்வரை ஒரு அடியும் வைக்காதீர்கள். இரண்டாவது முறையும் நிமிர்ந்தால் அதுதான் உங்கள் தூரம். இரண்டு அடி பின்வாங்கி உட்கார்ந்து அங்கிருந்தே எடுங்கள். பறவைகளில் இந்தக் குறிகள் இன்னும் நுட்பமானவை. எச்சமிட்டு, உடலைச் சற்றுத் தாழ்த்தினால் அடுத்து எழும்பப் போகிறது. அது உங்களால் என்றால் நீங்கள் ஏற்கெனவே கூடுதலாக நெருங்கிவிட்டீர்கள்.

கூட்டில் இருக்கும் பறவையைத் தேடிப் போகாதீர்கள். தாய் எழுந்துபோன சிறிது நேரத்தில் நம் வெயில் முட்டையை வேகவைத்துவிடும். காகம் அதற்கும் முன்பே வந்துவிடும். உப்புக்கொத்தி வகைகள் சிலவும் ஆலா வகைகள் சிலவும் வெறும் மணலில் முட்டையிடும். உங்கள் தலைக்கு மேலே ஒரு பறவை கத்திக்கொண்டே சுற்றினால், காலடியைப் பார்த்தபடி வந்த வழியே திரும்புங்கள். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் இதே வகைத் தொல்லைதான்.

வீடு திரும்பிய பிறகு

உப்புக்காற்று லென்ஸை மெல்லத் தின்னும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி நீக்குங்கள். அதற்கு முன் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் உடல், வளையங்கள், லென்ஸ் பொருந்தும் இடம் எல்லாவற்றையும் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் இருந்தால் பூஞ்சணம் பிடிக்காது. தோல் உறையில் அலுமாரிக்குள் பூட்டி வைப்பதுதான் பூஞ்சணத்துக்கு மிகவும் பிடித்த முறை. குளிரூட்டிய அறையில் இரவைக் கழித்தவர்கள், கமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லை முழுவதும் வியர்த்து, நல்ல வெளிச்சம் போகும்வரை தெளியாது.

படங்களை அன்றிரவே பாருங்கள். முழு அளவுக்குப் பெருப்பித்துக் கண்ணை மட்டும் பாருங்கள். கண் மங்கியிருந்தால் அழியுங்கள். நானூறு எடுத்தால் பன்னிரண்டு மிஞ்சுவது எனக்கு நல்ல நாள். மிஞ்சியவற்றுக்கு ஒரு கொப்பியில் திகதி, நேரம், இடம், காற்றின் திசை, தூரம், விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதிவையுங்கள். என் கொப்பியில் ஒரு வரி: இறக்கக்கண்டி, பெப்ரவரி, காலை 6.50, வாடை, கருவெள்ளை மீன்கொத்தி, பாலத்தின் தெற்குக் கம்பத்திலிருந்து மூன்று முறை பாய்ந்தது. அடுத்த வருடம் அதே வாரத்தில் அதே கம்பத்துக்கு எதிரே, விடியும் முன்பே போய் உட்கார்ந்தேன். ஆறே முக்காலுக்கு அது வந்து அமர்ந்தது.